இமயமலையில் தனிப் பயணம்: சிறு தவறும் உயிரைப் பறிப்பது ஏன்?

சிஞ்ச்வட் (புனே): வார இறுதி நாள்களில், விடியலுக்கு முன்பே சிஞ்ச்வட் ரயில் நிலையத்தில் முதுகுப்பையுடன் இளைஞர்கள் கூடுவது வழக்கம். லோனாவாலா செல்லும் மின்சார ரயிலில் ஏறி, லோஹ்கட், விசாப்பூர் போன்ற கோட்டைகளில் நடந்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்புவோர் அவர்கள். பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டைகளிலும் ஹிஞ்ச்வடி மென்பொருள் நிறுவனங்களிலும் பணியாற்றும் தமிழர்களும் இவர்களில் உண்டு. சஹ்யாத்ரி மலைகளில் பழகிய பலருக்கு அடுத்த கனவு இமயமலை. அவர்களில் சிலர் துணையின்றித் தனியே செல்லவும் விரும்புகின்றனர்.

அந்த விருப்பத்தில் தவறில்லை. ஆனால், வடக்கின் உயர்மலைகளில் தனியாகச் செல்வோருக்கு நேரும் ஆபத்து, சமவெளியில் நாம் எண்ணிப் பார்க்கும் ஆபத்திலிருந்து வேறுபட்டது. அங்கு உயிரிழப்பவர்கள் எல்லோரும் பெரும் பனிச்சரிவிலோ காட்டு விலங்குகளாலோ இறப்பதில்லை. கால் சுளுக்கு, நனைந்த உடை, தவறான ஒரு திருப்பம், தாமதமான ஒரு முடிவு போன்ற சிறிய காரணங்களும் உயிரைப் பறிக்கின்றன. அருகில் ஒருவர் இருந்தால் சரிசெய்துவிடக்கூடிய தவறு, தனியே இருப்பவருக்கு ஏன் உயிர்ப்பலியாக மாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பீர் பில்லிங்கில் நடந்தது

2024 பிப்ரவரி மாதம் இமாசலப் பிரதேசத்தின் கங்ரா மாவட்டத்தில் உள்ள பீர் பில்லிங் பகுதியில் இருவர் உயிரிழந்தனர். பாராகிளைடிங் விளையாட்டுக்குப் பெயர்பெற்ற இடம் அது. இறந்தவர்களில் ஒருவர் புனேயிலிருந்து சென்ற இளம்பெண். மற்றவர் பஞ்சாபின் பதான்கோட்டைச் சேர்ந்த இளைஞர். அந்த இளைஞர் சில ஆண்டுகளாகவே அப்பகுதியில் தங்கி, மலையேற்றத்திலும் பாராகிளைடிங்கிலும் ஈடுபட்டு வந்தவர்.

பிப்ரவரி 4-ஆம் தேதி, ஒரு சிறு குழுவாக இவர்கள் காரில் புறப்பட்டனர். பனியால் வாகனம் மேலே செல்ல முடியாத இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினர். வானிலை மாறியதும் குழுவில் இருந்த மற்றவர்கள் திரும்பிவிட்டனர். இவ்விருவரும் தங்களுடன் வந்த நாயுடன் தொடர்ந்து நடந்தனர். அவர்கள் திரும்பி வராததால் தேடுதல் தொடங்கியது. இரு நாள்களுக்குப் பின் மீட்புக் குழுவினர் அவர்களின் உடல்களைக் கண்டெடுத்தபோது, அந்த நாய் அருகிலேயே நின்று குரைத்துக்கொண்டிருந்தது. பனியில் வழுக்கி விழுந்தது இறப்புக்கு வழிவகுத்திருக்கலாம் என்று காவல்துறையினர் தெரிவித்தனர்.

இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, அது எவரும் எட்டாத சிகரமன்று. சுமார் 9,000 அடி உயரத்தில், சுற்றுலாப் பயணிகள் நடமாடும் பகுதிக்கு அருகில் இருந்த இடம். இரண்டாவதாக, சென்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் நன்கு பழக்கமானது. மூன்றாவதாக, திரும்பிவிட வேண்டும் என்ற முடிவை எடுத்தவர்கள் உயிர் பிழைத்தனர். வானிலை மாறிய அந்தச் சிறிது நேரமே இரு தரப்பினரின் விதியையும் பிரித்தது.

சஹ்யாத்ரி வேறு, இமயம் வேறு

மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம் கல்சுபாய். அதன் உயரம் 1,646 மீட்டர். இமாசலப் பிரதேசத்தில் மலையேற்றத்துக்குப் புறப்படும் இடமாகப் பலர் கருதும் மணாலி நகரமோ சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதாவது, மகாராஷ்டிரத்தின் உச்சியில் நின்று பழகியவர்கூட, இமயத்தில் முதல் அடி எடுத்து வைப்பதற்கு முன்பே தாம் அறியாத உயரத்துக்கு வந்துவிடுகிறார்.

சஹ்யாத்ரியில் கோட்டைகளில் ஏறி இறங்குவது கால்களுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி அளிக்கும். பாறைகளில் கவனமாகக் கால் வைக்கவும், மழையில் நடக்கவும் கற்றுத்தரும். ஆனால் காற்றழுத்தம் குறைந்த சூழலுக்கு உடலைப் பழக்கும் ஆற்றல் அந்த மலைகளுக்கு இல்லை. சஹ்யாத்ரியில் வழி தவறினால், பெரும்பாலும் சில மணி நேர நடைத் தொலைவில் ஒரு கிராமமோ தார்ச்சாலையோ இருக்கும். இமயத்தின் உட்பகுதிகளில் அடுத்த மனிதக் குடியிருப்பை அடையவே இரண்டு, மூன்று நாள்கள் நடக்க வேண்டியிருக்கலாம்.

விமானப் பயணம் இந்த இடைவெளியை மேலும் கூட்டியுள்ளது. புனேயிலிருந்து காலையில் புறப்படுபவர், டெல்லி வழியாக ஒரே நாளில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரை அடைந்துவிட முடியும். கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டர் உயரத்துக்கும் குறைவான சிஞ்ச்வட்டில் முந்தைய இரவு உறங்கிய உடல், அடுத்த இரவை அந்த உயரத்தில் கழிக்கிறது.

மூளையே ஏமாற்றும் உயரம்

காற்றில் ஆக்ஸிஜனின் விழுக்காடு எந்த உயரத்திலும் ஏறத்தாழ 21 தான். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனின் அளவு குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும். 5,500 மீட்டரில் பாதியாகிவிடும்.

இந்த மாற்றத்துக்கு உடல் பழகச் சில நாள்கள் தேவை. அந்த அவகாசம் தராமல் ஏறுவோருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். இதுவே உயர்மலை நோயின் தொடக்கம். பெரும்பாலும் மேலே சென்ற ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே இந்த அறிகுறிகள் தெரியவருவதால், வந்து சேர்ந்த உடனே 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு செய்வது தவறு.

இந்நோய் முற்றினால் இரு வடிவங்களை எடுக்கிறது. ஒன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்குதல், இருமல், நுரையுடன் கூடிய சளி ஆகியவை இதன் அடையாளங்கள். மற்றொன்று, மூளை வீக்கம். இதில் நடை தள்ளாடும்; பேச்சு குழறும்; சிந்தனை தடுமாறும். இரண்டுமே விரைவில் உயிரைப் பறிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதன்மையான சிகிச்சை, தாமதிக்காமல் கீழே இறங்குவதுதான்.

தனிப் பயணத்தின் முதன்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கீழே இறங்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே முதலில் பாதிக்கப்படுகிறது. மூளை வீக்கம் தொடங்கியவருக்குத் தம் நடை தள்ளாடுவது தெரியாமல் போகலாம். 'சிறிது நேரம் படுத்தால் சரியாகிவிடும்' என்று அவர் உறுதியாக நம்பலாம். மலையேற்றக் குழுக்களில், ஒருவரை நேர்கோட்டில் குதிகாலும் விரல் நுனியும் ஒட்டியவாறு நடக்கச் சொல்லிப் பார்ப்பது எளிய சோதனை. தடுமாறினால் அவரைக் கீழே அழைத்துச் செல்வார்கள். அந்தச் சோதனையைப் பார்த்து மதிப்பிட இன்னொரு மனிதர் வேண்டும்.

சுருங்கச் சொன்னால், தனியே செல்பவர் இழப்பது பேச்சுத்துணையை மட்டுமல்ல. தம் உடல்நிலையைத் தமக்கு வெளியே நின்று கவனிக்கும் ஒரு கண்ணை அவர் இழக்கிறார்.

குளிரின் வேலை

உடல்வெப்பக் குறைவும் இதே போன்றே செயல்படுகிறது. மனித உடலின் உள்வெப்பநிலை இயல்பாக 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது உடல்வெப்பக் குறைவு தொடங்குகிறது. முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல்கள் மரத்து, சட்டைப் பொத்தானைப் போடவோ தீக்குச்சியைப் பற்றவைக்கவோ இயலாமல் போகும். அடுத்து, பேச்சில் குழறலும் செயலில் அக்கறையின்மையும் தோன்றும். உள்வெப்பநிலை மேலும் குறையும்போது நடுக்கம் நின்றுவிடும். இறுதிக் கட்டத்தில் சிலர் வெப்பமாக உணர்வதாக எண்ணித் தம் உடைகளைக் கழற்றி எறிவதும் உண்டு.

இதற்கு உறைபனி வெப்பநிலை தேவையில்லை. மழை, வியர்வை, காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தாலே போதும். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 22 டிகிரி அளவுக்கு உறைக்கும். சஹ்யாத்ரியில் அணிந்து பழகிய பருத்தி உடை, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடும். கம்பளியும் செயற்கை இழை உடைகளும் நனைந்த பிறகும் ஓரளவு வெப்பம் காக்கும்.

குழுவில் ஒருவர் நடுங்கத் தொடங்கினால் மற்றவர்கள் அவருக்கு உலர்ந்த உடை மாற்றி, சூடான பானம் கொடுத்து, கூடாரத்துக்குள் சேர்க்க முடியும். தனியே இருப்பவரின் விரல்கள் மரத்துவிட்டால், பையில் உள்ள உலர்ந்த உடையே அவருக்கு எட்டாப் பொருளாகிவிடும்.

காலையில் ஓடை, மாலையில் ஆறு

பனிப்பாறைகளிலிருந்து உருகி வரும் நீரோடைகள் நாளுக்குள்ளேயே உருமாறுபவை. இரவுக் குளிரில் உருகுதல் குறைவதால் அதிகாலையில் முழங்கால் அளவில் ஓடும் நீர், பகல் வெயிலுக்குப் பின் இடுப்பளவு உயர்ந்து வேகமெடுக்கும். காலையில் எளிதாகக் கடந்து சென்றவர், மாலையில் அதே வழியில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்வதுண்டு. பருவ மாற்றமும் இதே விளைவை இன்னும் பெரிய அளவில் ஏற்படுத்தும்.

உலகெங்கும் அறியப்பட்ட ஒரு நிகழ்வு இதற்குச் சான்று. அமெரிக்க இளைஞர் கிறிஸ் மெக்கண்ட்லெஸ், 1992 ஏப்ரல் இறுதியில் அந்நாட்டின் வடகோடி மாநிலமான அலாஸ்காவின் காட்டுக்குள் தனியே சென்றார். ஒரு சிறிய துப்பாக்கியும் சில கிலோ அரிசியும் அவரிடம் இருந்தன. பகுதியைத் துல்லியமாகக் காட்டும் வரைபடம் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பேருந்தில் அவர் தங்கினார்.

ஜூலையில் அவர் ஊர் திரும்பப் புறப்பட்டார். ஆனால் வசந்தத் தொடக்கத்தில் எளிதாகக் கடந்திருந்த டெக்லானிகா ஆறு, அப்போது பெருக்கெடுத்து ஓடியது. கடக்க முடியாமல் பேருந்துக்கே திரும்பினார். ஆற்றின் சற்றுத் தொலைவில், கையால் இழுத்து மறுகரை சேரும் கம்பிவடத் தொட்டி ஒன்று இருந்தது. வரைபடம் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. ஆகஸ்ட் மாதம் அவர் பட்டினியால் இறந்தார். செப்டம்பர் 6-ஆம் தேதி அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது.

அவரது கதை 1996-இல் நூலாகவும் 2007-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. அதன் பின் அந்தப் பேருந்தைக் காணச் சென்றவர்களில் 2010-இலும் 2019-இலும் இரு பெண்கள் அதே ஆற்றில் மூழ்கி இறந்தனர். மேலும் பலரை மீட்க வேண்டியிருந்தது. இறுதியில் 2020 ஜூன் மாதம், மாநில அரசு அந்தப் பேருந்தையே ஹெலிகாப்டர் மூலம் தூக்கிச் சென்று அகற்றியது. ஆபத்தை அழகாக்கிக் காட்டும் கதைகள் அடுத்தவரையும் அங்கே இழுக்கும் என்பதற்கு இது சான்றாக நிற்கிறது. சமூக வலைதளங்களில் பரவும் தனிப் பயணக் காணொளிகளுக்கும் இது பொருந்தும்.

அனுபவம் மட்டும் காக்குமா?

'பயிற்சி இல்லாதவர்களுக்குத்தான் இப்படி நேரும்' என்று எண்ண இடமில்லை. இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் உள்ள பார்வதி பள்ளத்தாக்கில், 1990-களிலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் பலர் காணாமல் போயுள்ளனர். 2016-இல் அவ்வாறு காணாமல் போன அமெரிக்கர் ஒருவர், காடுகளில் உயிர் வாழும் கலையில் முறையாகப் பயிற்சி பெற்றவர். கீர்கங்கா அருகே குகையொன்றில் தங்கியிருந்த அவர், உயரத்தில் உள்ள மந்தலாய் ஏரிக்குச் சென்றார். அதன் பின் திரும்பவில்லை. அவரது உடலும் கிடைக்கவில்லை.

செங்குத்தான சரிவுகள், வேகமாக ஓடும் ஆறு, அடர்ந்த காடு, திடீர் வானிலை மாற்றம் ஆகியவை அந்தப் பள்ளத்தாக்கில் ஒருங்கே உள்ளன. அங்கே ஒருவர் தவறி விழுந்தாலும், குற்றச்செயலுக்கு ஆளானாலும், சாட்சி சொல்ல எவரும் இருக்கமாட்டார். என்ன நடந்தது என்ற கேள்விக்குக் கடைசி வரை விடை கிடைக்காமல் காத்திருக்கும் நிலை குடும்பத்தினருக்கு ஏற்படுகிறது.

கைப்பேசி கைவிடும் இடம்

நகரத்தில் வாழ்பவருக்கு ஆபத்தில் முதலில் நினைவுக்கு வருவது கைப்பேசி. இமயத்தின் உட்பகுதிகளில் மூன்று வகையில் அது பயனற்றுப் போகலாம்.

முதலாவது, அலைவரிசை. பெரும்பாலான உயர்மலைப் பாதைகளில் கடைசி கிராமத்தைத் தாண்டியதும் தொடர்பு துண்டிக்கப்படும். இரண்டாவது, சிம் அட்டை. பிற மாநிலங்களில் பெற்ற முன்கட்டண இணைப்புகள் ஜம்மு-காஷ்மீர், லடாக் பகுதிகளில் இயங்குவதில்லை. பின்கட்டண இணைப்புகளே அங்கு இயங்கும். சிஞ்ச்வட்டில் வாங்கிய முன்கட்டண சிம்முடன் லே சென்று இறங்கிய பின்னரே இதை அறிபவர்கள் உண்டு. மூன்றாவது, மின்கலம். கடுங்குளிரில் அதன் திறன் விரைவாகக் குறையும். பாதி மின்சாரம் இருப்பதாகக் காட்டிய கைப்பேசி திடீரென அணைந்துவிடும்.

மேலைநாடுகளில் தனியே மலையேறுவோர் பலர், செயற்கைக்கோள் வழியாக அபாய அழைப்பு அனுப்பும் சிறு கருவிகளை வைத்திருக்கின்றனர். இந்தியாவில் நிலைமை வேறு. துராயா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் அவற்றைச் சார்ந்த தகவல் கருவிகளையும் உரிய அனுமதியின்றி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இதை அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேற்ற வீரர்கள் இந்திய விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. எனவே, வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்த கருவியை இணையத்தில் வாங்கி எடுத்துச் செல்லலாம் என்று எண்ணுவது, ஆபத்துக்கு மேல் வழக்கையும் வரவழைக்கும்.

இதன் பொருள் தெளிவானது. இந்திய மலைகளில் தனியே செல்லும் சாதாரணப் பயணியிடம், தொடர்பில்லாத இடத்திலிருந்து உதவி கேட்க நம்பகமான கருவி எதுவும் இல்லை. அந்த இடத்தில் உதவி கேட்கும் ஒரே வழி, ஒருவர் நடந்து கீழே செல்வதுதான். தனியே இருப்பவர் காயமடைந்தால், அனுப்புவதற்கு ஆள் இல்லை.

தேடுதல் தொடங்கும் நேரம்

மீட்புப் பணியில் உயிரைக் காப்பது பெரும்பாலும் நேரம். எப்போது தேடத் தொடங்குவது, எங்கே தேடுவது என்ற இரு கேள்விகளுக்கும் விரைவாக விடை கிடைத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

இதற்குச் சான்று தேடி இமயம் வரை செல்ல வேண்டியதில்லை. 2022 மே மாதம், டெல்லியைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் லோனாவாலா அருகேயுள்ள நாக்பணி முனைப் பகுதிக்குத் தனியே சென்றார். வழி தவறிய அவர், தம் குடும்பத்தினரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். பின்னர் தொடர்பு அறுந்தது. லோனாவாலாவின் 'சிவதுர்க் மித்ர' தன்னார்வலர்கள், காவல்துறையினர், தேசிய பேரிடர் மீட்புப் படையினர், கடற்படையினர் எனப் பலரும் தேடினர். நான்கு நாள்களுக்குப் பின் ஆழமான பள்ளத்தாக்கில் அவரது உடல் கிடைத்தது.

சிஞ்ச்வட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய ஊர் லோனாவாலா. தேசிய பேரிடர் மீட்புப் படையின் 5-ஆவது பட்டாலியன் முகாம் தளேகாவ் அருகே சுதும்பரேயில் உள்ளது. கடற்படையின் ஐ.என்.எஸ். சிவாஜி நிலையம் லோனாவாலாவிலேயே உள்ளது. பயிற்சி பெற்ற உள்ளூர்க் குழுவும் உண்டு. இத்தனை வசதிகள் இருந்தும், தொலைந்தவர் தாமே அழைத்துச் சொல்லியும், அவரைக் கண்டுபிடிக்க நான்கு நாள்கள் ஆயின. அருகில் மீட்புப் படை இல்லாத, அழைப்பும் விடுக்க முடியாத, எங்கே சென்றார் என்றே தெரியாத ஒரு பனிமலையில் எத்தனை நாள்கள் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குழுவாகச் சென்றால் போதுமா?

துணை இருந்தால் ஆபத்தே இல்லை என்று கூறிவிட முடியாது. 2024 ஜூன் மாதம் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் அடங்கிய 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. அவர்களில் 9 பேர் உயிரிழந்தனர். மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் விமானப்படையும் மேற்கொண்ட நடவடிக்கையில் 13 பேர் மீட்கப்பட்டனர்.

தமிழ்நாடும் இத்தகைய துயரை அறிந்ததே. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின் மாநிலத்தில் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில், 40 பாதைகளில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் மட்டுமே செல்லும் முறை நடைமுறைக்கு வந்தது.

குழு என்பது புயலைத் தடுக்காது, நெருப்பை நிறுத்தாது. ஆனால் செய்தி வெளியே வர வழி செய்யும். காயமடைந்தவருக்கு முதலுதவி கிடைக்கும். 'திரும்பிவிடலாம்' என்று சொல்ல ஒரு குரல் இருக்கும். தகுதியான வழிகாட்டி இல்லாத குழுவில் இந்த நன்மைகளும் குறைந்துவிடும்.

அண்டை நாடான நேபாளம், 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு மலையேற்றப் பயணிகள் வழிகாட்டியின்றித் தனியே செல்லத் தடை விதித்தது. தொலைந்து போகும் தனிப் பயணிகளைத் தேடுவதில் உள்ள சிரமம் இதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. புனேயின் மலையேற்ற மரபும் கூட்டு முயற்சியின் மரபே. 1982-இல் தொடங்கப்பட்ட கிரிபிரேமி அமைப்பு, 2012-இல் எவரெஸ்ட் சிகரத்திலும் 2019-இல் கஞ்சன்ஜங்கா சிகரத்திலும் கால் பதித்தது குழுவாகச் சென்றுதான்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

வடக்கின் மலைகளுக்குச் செல்ல விரும்புவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தால் ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

* முதல் பயணத்தைப் பதிவு பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் மேற்கொள்ள வேண்டும். பாதை தெரிந்தவர் என்பதுடன், வானிலையைப் படிக்கவும் திரும்பும் முடிவை எடுக்கவும் அவர் துணை நிற்பார்.

* 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரு நாள் உயரம் கூட்டாமல் தங்க வேண்டும். விமானத்தில் லே சென்றவர்கள் குறைந்தது முதல் இரு நாள்கள் ஓய்வெடுக்க வேண்டும்.

* தலைவலியுடன் மேலும் உயரத்துக்குச் செல்லக் கூடாது. அறிகுறிகள் கூடினால், இரவானாலும் துணையுடன் கீழே இறங்க வேண்டும். உயர்மலை நோய்க்கான மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி எடுக்கக் கூடாது. மாத்திரை எடுத்தாலும் இறங்குவதற்கு அது மாற்றாகாது.

* எந்த நேரத்தில், எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்ற எல்லையை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். களைத்துப்போன பின் எடுக்கும் முடிவைவிட, வீட்டில் அமைதியாக எடுத்த முடிவு நம்பத்தக்கது.

* நீரோடைகளை அதிகாலையில் கடக்க வேண்டும். வேகம் கூடியிருந்தால் காத்திருக்க வேண்டும்.

* பருத்தி உடைகளைத் தவிர்க்க வேண்டும். உறங்கும்போது அணிய ஒரு தொகுதி உலர்ந்த உடையை நீர் புகாத உறையில் தனியே வைத்திருக்க வேண்டும்.

* வரைபடத்தை இணையமின்றி இயங்கும் வகையில் கைப்பேசியில் பதிவிறக்கிக்கொள்வதுடன், காகித வரைபடமும் திசைகாட்டியும் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியையும் பவர் பேங்கையும் இரவில் உடலோடு ஒட்டி, வெப்பமாக வைத்திருக்க வேண்டும். விசிலும் கைவிளக்கும் அவசியம்.

* வனத்துறை, மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் அனுமதியைப் பெற வேண்டும். இந்த நடைமுறையை வெறும் சம்பிரதாயமாகக் கருதக் கூடாது. ஒருவர் மலைக்குள் சென்றிருக்கிறார் என்பதற்கான பதிவு அதுவே. எல்லைப்புறப் பகுதிகளுக்கு உள்எல்லை அனுமதிச் சீட்டு தேவையா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

* மலையேற்றத்தைத் தொடர விரும்புவோர் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்ற நிறுவனம் போன்றவற்றில் ஏறத்தாழ நான்கு வார அடிப்படைப் பயிற்சி பெறலாம்.

வீட்டில் இருப்பவர்களின் பங்கு

பயணியைப் போலவே, ஊரில் காத்திருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. புறப்படுபவர் ஒரு தாளில் சில விவரங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். செல்லும் பாதை, ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், வழிகாட்டியின் பெயர், தொலைபேசி எண், உடன் செல்வோர், கூடாரத்தின் நிறம், உடல்நலக் குறைபாடுகள், திரும்ப வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

அவற்றுள் மிக முக்கியமானது இறுதி நேரக் கெடு. 'இந்த நாள், இந்த மணிக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் காவல்துறைக்குச் சொல்லுங்கள்' என்ற தெளிவான குறிப்பு வேண்டும். அலைவரிசை கிடைக்காமல் இருக்கும், வந்துவிடுவார் என்று தயங்கி மேலும் இரு நாள்கள் காத்திருப்பதே பல குடும்பங்கள் செய்யும் தவறு. கெடு கடந்தால் 112 என்ற அவசர உதவி எண்ணையும், பயணி சென்றுள்ள மாவட்டத்தின் காவல் கட்டுப்பாட்டு அறையையும் தொடர்புகொள்ள வேண்டும். பயணி நலமாகத் திரும்பி வந்தால், வீணாகத் தேட வைத்ததற்காக வருந்த வேண்டியிருக்கும்; அவ்வளவுதான். தயக்கத்தால் இழக்கும் இரு நாள்களை எவராலும் திருப்பித் தர முடியாது.

பயணியும் அந்தக் கெடுவை மதிக்க வேண்டும். கடைசி நேரத்தில் பாதையை மாற்றினால், அலைவரிசை உள்ள கடைசி கிராமத்திலிருந்து அதைத் தெரிவித்த பின்னரே நடக்க வேண்டும். தங்கும் விடுதியிலும் தேநீர்க் கடையிலும்கூட, தாம் செல்லும் திசையையும் திரும்பும் நாளையும் சொல்லிச் செல்வது நல்லது.

பீர் பில்லிங்கில் பனிக்கு நடுவே இரு நாள்கள் காவல் நின்ற நாய், தன்னால் இயன்றதைச் செய்தது. கீழே சென்று ஆள் அழைத்து வர அதனால் இயலவில்லை. சிஞ்ச்வட் நிலையத்தில் முதுகுப்பையுடன் வடக்கு நோக்கி ரயிலேறும் ஒவ்வொருவரும், அந்த வேலையைச் செய்ய ஒரு மனிதர் தம்முடன் இருக்கிறாரா, தம் கெடுவை அறிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நலம். இரண்டுக்கும் 'இல்லை' என்பதே விடையானால், பயணத்தைத் தள்ளிவைப்பதில் இழப்பேதும் இல்லை.